28 நாட்களும் 250 ரூபாயும்

இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 42 குழந்தைகள் ஐந்து வயதை எட்டுவதற்குள் இறந்துவிடுகின்றனர் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21). அவர்களில் 25 பேர் இறப்பது பிறந்த 28 நாட்களுக்குள். குறைப்பிரசவம், எடைக் குறைவு, மூச்சுத்திணறல், நோய்த்தொற்று ஆகியவையே முக்கியக் காரணங்கள். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருப்பது, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பது, ஆபத்தின் அறிகுறியை உடனே கண்டறிவது ஆகியவற்றால் இம்மரணங்களில் பலவற்றைத் தடுக்க முடியும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் 39 கிராமங்களில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் குழுவினர் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்கச் செய்தனர். மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை மரண விகிதம் சுமார் 62 சதவீதம் குறைந்தது. 1999இல் வெளியான இந்த ஆய்வு முடிவு, 2011இல் நாடு தழுவிய திட்டமாயிற்று.

அத்திட்டத்தைச் சுமப்பவர்கள் ஆஷா ஊழியர்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறு முறை வீடு தேடிச் சென்று எடை பார்த்து, உடல் வெப்பம் அளந்து, நோய் கண்டால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட இல்லை! அரசின் பார்வையில் இவர்கள் ஊழியர்களே அல்ல, ‘தன்னார்வலர்கள்’. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது வழங்கியபோது பாராட்டிய ஒன்றிய அரசு, அந்தப் பரிந்துரையை மட்டும் கிடப்பில் போட்டுவிட்டது.

மறுபுறம், மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் மட்டுமே பயன்தரும் 5 லட்சம் ரூபாய் காப்பீட்டுத் திட்டம் பெரும் சாதனையாக விளம்பரப்படுத்தப்படுகிறது. மக்கள் பணம் தனியார் மருத்துவமனைகளுக்குப் பாய அது வழிசெய்கிறது. வயிற்றுப்போக்கால் துவளும் குழந்தைக்கு முதலில் தேவை உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும். அவற்றைக் கொடுக்க அருகில் ஓர் ஊழியர். 2025க்குள் பொது சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஒதுக்கப்படும் என்ற 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையின் வாக்குறுதியும் காற்றில் பறந்துவிட்டது.

இதே ஆய்வின்படி ஆயிரம் பிறப்புகளுக்கு சிசு மரணம் உத்தரப்பிரதேசத்தில் 50; கேரளத்தில் 4.4. நிலச்சீர்திருத்தமும் பெண் கல்வியும், உள்ளாட்சிகளின் பொறுப்பில் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உருவாக்கிய வேறுபாடு இது.

ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களின் போராட்டம் வெறும் ஊதியக் கோரிக்கை அல்ல. உழைக்கும் மக்களின் குழந்தைகள் உயிர்வாழும் உரிமையும் அதில் அடங்கியுள்ளது. துணை சுகாதார நிலையத்தில் செவிலியரும் மருந்தும் இருக்கின்றனவா என்ற கேள்வியை ஒவ்வொரு கிராமத்திலும் எழுப்பி, அப்போராட்டத்துடன் மக்களை இணைப்பது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமையாகும்.