கசிவைச் சொல்ல ஏன் அஞ்ச வேண்டும்?

வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் காலனியை விட்டு விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களுக்கு வந்து வாடகைக்குக் குடியிருப்போர் நம்மில் ஏராளம். ஒரு வீடு கிடைப்பதற்குள் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியை எத்தனை வாசல்களில் கேட்டிருப்போம்! அதையும் தாண்டிக் கிடைத்த வீட்டில் குழாய் கசிந்தாலும், சுவரில் ஓதம் ஏறினாலும் வாய் திறக்கத் தயங்குகிறோம். சொன்னால் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம்.

இந்த மௌனம் நமக்கே எதிராகத் திரும்புகிறது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால்கூட ஒரு நாளில் ஒரு குடம் தண்ணீருக்கு மேல் வீணாகும். மாதங்கள் கடந்தால் பூச்சு உதிரும். சுவருக்குள் செல்லும் மின்கம்பி வரை ஈரம் பரவினால் உயிருக்கே ஆபத்து. கடைசியில் காலி செய்யும் நாளில், "உங்க ஆளுங்களுக்கு வீட்டை வெச்சுக்கத் தெரியாது" என்ற சொல்லோடு அட்வான்ஸிலும் கை வைப்பார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நகர்ப்புற வாடகை வீடுகளுக்கான 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்கிறது அதன் அட்டவணை. டேப், வாஷர் மாற்றுவது, கழிவறை, வாஷ்பேசின் பழுது பார்ப்பது, சாக்கடை அடைப்பு எடுப்பது ஆகியவை குடியிருப்பவரின் பொறுப்பு. வீட்டில் சேதம் ஏற்பட்டால் உரிமையாளருக்குத் தெரிவிப்பதும் குடியிருப்பவரின் கடமையே. ஆக, கசிவைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

தன் பொறுப்பிலுள்ள பழுதை உரிமையாளர் பார்க்க மறுத்தால், நாமே சரிசெய்து, வரம்புக்கு உட்பட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது. பிறர் பார்க்கச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் கையில் காகிதம் வேண்டும். நம்மில் பலர் வாய்ப்பேச்சை நம்பியே குடியேறுகிறோம். எழுத்து ஒப்பந்தம் கேட்டால் வீடு கைநழுவிப் போகும் என்பதும் உண்மைதான். அதனால்தான் இதைத் தனி மனிதரின் துணிச்சலுக்கு மட்டும் விட்டுவிட முடியாது என்கிறோம். மாவட்ட நிர்வாகம் வாடகை ஒப்பந்தப் பதிவுக்கான முகாம்களை வார்டுதோறும் நடத்த வேண்டும். உரிமையாளர்களை அழைத்து அவர்களது பொறுப்பையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடியேறும் நாளிலேயே சுவர், தளம், குழாய் ஆகியவற்றைப் படம் எடுத்து வைப்போம். கசிவு தெரிந்த அன்றே படத்துடன் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவோம். நாளை யார் கவனிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், அந்தத் தேதி நமக்காகப் பேசும்.