கம்பைலருக்கு வாக்கப்பட்ட கோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டெக்னிக்கல் மேட்டர். சி என்றதும் அரியர் ஞாபகம் வருகிறவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம். 8051 போர்டில் ஒரு எல்இடியாவது எரியவிட்ட புண்ணியவான்கள் மட்டும் உட்காருங்கள். உங்களோடுதான் சண்டை.

திருவள்ளூர் பக்கம் நான் பார்த்த மைக்ரோகன்ட்ரோலர் ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மேலே கெய்ல் கம்பைலரின் ரெஜிஸ்டர் ஹெடர். அதற்குக் கீழே எஸ்பிட், எஸ்எஃப்ஆர் என்று கெய்லின் சொந்த வார்த்தைகள் வரிசையாக. அப்புறம் ஃபைல் முழுக்க நடுநடுவே அதே வார்த்தைகள், ரேஷன் அரிசியில் கல் மாதிரி. "இதை வேற கம்பைலர்ல போட்டுப் பாத்தியாடா?" என்று கேட்டால், "எதுக்கு மச்சி? இதுல ஓடுதுல்ல?" என்று பதில் வரும். வைவாவில் எக்ஸ்டர்னலும் அதற்கு மேல் கேட்பதில்லை.

எஸ்பிட் என்பது சி மொழியே இல்லை, அதைத் தெரிந்துகொண்டு மேலே போவோம். 8051 சிப்பை இன்டெல் 1980-ல் கொண்டுவந்தது. சி மொழிக்கு முதல் ஸ்டாண்டர்டு வந்தது 1989-ல். அந்த ஸ்டாண்டர்டில் போர்ட் பின் என்று ஒரு சமாச்சாரமே கிடையாது. ஆகவே 8051-க்குக் கம்பைலர் எழுதிய ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டது. போர்ட் ஒன்றின் முதல் பின்னுக்குப் பெயர் வைக்க, கெய்லில் எஸ்பிட் என்று எழுதி, அட்ரஸுக்குப் பக்கத்தில் ஒரு கூரைக்குறி போட்டு பிட் எண்ணை எழுத வேண்டும். எஸ்டிசிசி என்ற இலவசக் கம்பைலரில் அதே வார்த்தைக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பிறகு 'அட்' என்று தனி வார்த்தை, அடைப்புக்குள் அட்ரஸ். ஐஏஆர் கம்பைலரில் மின்னஞ்சலில் வருமே, அந்த அட் குறி. ஒரே பின், மூன்று எழுத்துக்கூட்டல்.

தமிழ் இணையத்தின் ஆரம்பக் காலம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, தளத்துக்கு ஒரு எழுத்துரு, ஒன்றில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ஏதோ கிறுக்கல். யூனிகோடு வந்து காப்பாற்றியது. 8051 கம்பைலர்களுக்கு அப்படி யாரும் வரவில்லை.

இதனால் என்ன நஷ்டம்? நம்ம சீனியர்கள் பழகிய கெய்ல் மதிப்பீட்டுப் பதிப்பு 2 கிலோபைட்டோடு நின்றுவிடும். ரிச்சி தெருவில் வாங்கும் 89எஸ்52 சிப்பில் 8 கிலோபைட் இடம் இருக்கிறது. எல்சிடி, கீபேட், சீரியல் மூன்றையும் சேர்த்து நாலு மெசேஜ் போட்டால் 2 கிலோபைட் தாண்டிவிடும். அப்போது என்ன செய்வது? லைசென்ஸ் வாங்கக் காசில்லை. ஆகவே பென்டிரைவில் கிராக் வரும், கூடவே இலவசமாக வைரஸும் வரும். ஹாஸ்டலில் ஒருத்தன் மெஷினில் ஏறினால் மறுநாள் காலைக்குள் லேப் முழுக்கப் பரவிவிடும். எஸ்டிசிசியோ சந்தீப் தத்தா தொடங்கிய திறந்த மூல ப்ராஜெக்ட். காசு கிடையாது, வரம்பு கிடையாது, விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். ஆனால் அதற்கு மாற முடியாது. ஏன்? ஃபைல் முழுக்கக் கெய்ல் பாஷை! திருட்டு சாஃப்ட்வேரை விட முடியாமல் கட்டிப்போடுவது பாதி நேரம் இந்த எழுத்துக்கூட்டல்தான்.

மாணவன் கதை ஒரு செமஸ்டரோடு முடிந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் கதையே வேறு. இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்குப் போன ஒரு சின்ன யூனிட்டில் (பெயர் வேண்டாம்) மெஷின் ஒன்றுக்கு 8051 போர்டு டைமிங் கொடுத்துக்கொண்டிருந்தது. போர்டு நன்றாகத்தான் ஓடியது. ஒரு டிலேயை மட்டும் மாற்ற வேண்டும் என்றார்கள். சோர்ஸ் கோடு சிடியில் பத்திரமாக இருந்தது. அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். லைசென்ஸ் போட்டிருந்த கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. சோர்ஸ் கையில் இருந்தும் ஒரு எண்ணை மாற்ற வழியில்லை. கடைசியில் போர்டையே புதிதாகச் செய்யக் கொட்டேஷன் வாங்கினார்கள். ரீரோலிங் மில், ஃபவுண்டரி என்று இருக்கும் ஏரியாவில் மெஷின் இருபது வருஷம் உழைக்கும். அதை ஓட்டும் கோடு ஒரு லைசென்ஸ் கீயின் ஆயுசுக்குள் அடங்கிவிட வேண்டுமா?

இதற்கு மருந்து பழசு, சும்மா கிடைப்பது. ப்ரீபிராசஸர். கம்பைலர் கண்ணில் படுவதற்கு முன்னால் நம் ஃபைலைப் படித்து, நாம் சொன்ன வார்த்தைகளுக்குப் பதில் வேறு வார்த்தைகளைப் போட்டுக்கொடுக்கும் ஆள். ஒவ்வொரு கம்பைலரும் தன் பெயரை ஒரு மேக்ரோவாகத் தானே அறிவித்துக்கொள்கிறது. கெய்ல் என்றால் சி51 என்ற பெயர், எஸ்டிசிசி என்றால் அதன் பெயர், ஐஏஆர் என்றால் ஐசிசி8051. ஒரு ஹெடரில் 'இந்தப் பெயர் இருந்தால் இப்படி, அந்தப் பெயர் இருந்தால் அப்படி' என்று ஹேஷ் இஃப் போட்டு எழுதிவிட்டால் முடிந்தது. மற்ற ஃபைல்களில் பின்னின் பெயர், அட்ரஸ், பிட் எண் மூன்றை மட்டும் நம் மேக்ரோவிடம் கொடுத்தால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் செய்வது, எஸ்பிட் என்ற வார்த்தைக்கு மட்டும் ஒரு மேக்ரோ. அது தேறாது. ஒரு கம்பைலரில் அட்ரஸ் பெயருக்கு முன்னால் வருகிறது, இன்னொன்றில் பின்னால் வருகிறது. வார்த்தையை மாற்றினால் வாக்கிய அமைப்பு மாறுமா? ஆகவே மேக்ரோ முழு டிக்ளரேஷனையும் விழுங்க வேண்டும். எஸ்டிசிசியோடு வரும் 'கம்பைலர்' என்ற ஹெடரைத் திறந்து பாருங்கள். 2006-ல் எழுதியது. அது இதைத்தான் செய்கிறது: எஸ்டிசிசி, கெய்ல், ரைசொனன்ஸ், ஐஏஆர், டாஸ்கிங், ஹைடெக் என்று அத்தனைக்கும் ஒரே எஸ்பிட், ஒரே எஸ்எஃப்ஆர் மேக்ரோ. யாரோ ஒருவர் உட்கார்ந்து எல்லாருடைய மேனுவலையும் படித்து நமக்காக எழுதி வைத்திருக்கிறார். நாம் அதை இன்க்ளூட் செய்யக்கூட சோம்பல்படுகிறோம்.

அந்த ஹெடரோடு எனக்கு ஒரே ஒரு தகராறு. தெரியாத கம்பைலர் வந்தால் அது வார்னிங் மட்டும் கொடுத்துவிட்டு, பின்களைச் சாதாரண வேரியபிளாக மாற்றிவிட்டுப் போய்விடும். நம் ஆட்கள் வார்னிங் படிப்பவர்களா? நூறு வார்னிங் ஓடினாலும் கடைசியில் 'சீரோ எர்ரர்' பார்த்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் ஹேஷ் எர்ரர் போட வேண்டும். தெரியாத கம்பைலரா, வாசலிலேயே நிற்கட்டும்.

ஆனால் பின்களைச் சாதாரண வேரியபிளாக்கும் அதே தந்திரத்தைத் தெரிந்து செய்தால் லாபம். ஜிசிசிக்கு என்று தனிக் கிளை ஒன்றை நீங்களே எழுதி, அதில் மட்டும் அப்படிச் செய்யுங்கள். கீபேட் லாஜிக்கை, மெனு லாஜிக்கை போர்டே இல்லாமல் லேப் பிசியில் ஓட்டிப் பார்க்கலாம். பத்துப் பேருக்கு ஒரு கிட் இருக்கும் லேபில் இதன் அருமை தெரியும். ஒன்று மட்டும் கவனம், 8051-ல் இன்ட் 16 பிட், பிசி ஜிசிசியில் 32 பிட். ஆகவே 8 பிட், 16 பிட் டைப்களுக்கும் அதே ஹெடரில் பெயர் வைத்துவிடுங்கள்.

இப்போது எதிர்க்கட்சி பெஞ்ச். "மேக்ரோவே அசிங்கம், ஹேஷ் இஃப்டெஃப் தீங்கு என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒரு கோஷ்டி. அவர்கள் சொல்வது ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 1992-ல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் கொடுத்த கட்டுரை. தலைப்பு அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. தலைப்போடு நிறுத்தாமல் உள்ளே போனால், அவர்கள் திட்டுவது ஃபங்ஷன் உடம்புக்குள் கண்ட இடத்தில் இஃப்டெஃப் தெளிப்பதை. வித்தியாசங்களை ஒரு இடத்தில் ஒளித்து வை, மற்ற கோடு சுத்தமாக இருக்கட்டும் என்பது அவர்கள் கட்சி. லினக்ஸ் கெர்னலின் எழுத்து நடை விதிகளும் அதையே சொல்கின்றன: சி ஃபைலில் முடிந்தவரை வேண்டாம், ஹெடரில் வை. கெர்னலுக்குள் ஜிசிசிக்கு ஒரு ஹெடர், க்ளாங்குக்கு ஒரு ஹெடர் என்று தனித்தனியே இருக்கிறது. ஆக, அந்தக் கோஷ்டி எடுத்துக்காட்டும் சாட்சி என் கட்சிச் சாட்சி.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு லோக்கல் ட்ரெயினில் போகிறவன் பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறுகிறான். அங்கே ஒரு இடத்தில் மாறினால் போதும். ஆவடியில் ஒரு தடவை, பெரம்பூரில் ஒரு தடவை, மீஞ்சூரில் ஒரு தடவை என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஏறச் சொன்னால் யார் போவான்? ஃபைல் முழுக்க இஃப்டெஃப் தெளித்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் கோடைப் பார்த்துவிட்டு ட்ரெயினே தப்பு என்கிறார்கள் இவர்கள்.

இன்னொரு பொறி, கம்பைலர்கள் பொய் சொல்லும். க்ளாங் தன்னை ஜிசிசி என்றும் அறிவித்துக்கொள்கிறது, ஜிசிசிக்காக எழுதிய ஹெடர்கள் வேலை செய்ய வேண்டுமே என்று. ஆகவே முதலில் க்ளாங்கா என்று கேட்டுவிட்டு அப்புறம் ஜிசிசியா என்று கேட்க வேண்டும். வரிசை மாறினால் க்ளாங் ஜிசிசி கதவு வழியாக நுழைந்துவிடும். பத்து ஃபைலில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பத்து இடத்திலும் வரிசை சரியாக இருக்குமா? ஒரே ஹெடரில் கேட்டால் ஒரு தடவை சரிபார்த்தால் போதும்.

மேக்ரோ போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மேக்ரோ எழுத்துக்கூட்டலைத்தான் மாற்றும், அர்த்தத்தை மாற்றாது. 8051-ல் கெய்ல் இரண்டு பைட் எண்ணைப் பெரிய பைட் முதலில் வைக்கும், எஸ்டிசிசி சின்ன பைட் முதலில் வைக்கும். நம் ஆட்கள் டைமர் ரீலோட் எண்ணை யூனியனில் போட்டு, முதல் பைட் டைமரின் மேல் பாதிக்கு, இரண்டாவது கீழ் பாதிக்கு என்று அனுப்புவார்கள். 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் டைமர் நொடிக்கு 9,21,600 தடவை எண்ணும். 50 மில்லிசெகண்டுக்கு 46,080. 65,536-லிருந்து கழித்தால் 19,456. மேல் பைட் 76, கீழ் பைட் 0. கெய்லில் கச்சிதம். அதையே எஸ்டிசிசியில் போட்டால் பைட் இரண்டும் இடம் மாறி டைமர் 76-லிருந்து எண்ண ஆரம்பிக்கும். 50 மில்லிசெகண்ட் 71 ஆகிவிடும். எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. லேபில் எல்இடி கொஞ்சம் சோம்பலாக மினுக்கும், அவ்வளவுதான். மில்லில் 10 நொடி நிற்க வேண்டிய மெஷின் 14 நொடி நிற்கும். இங்கே மேக்ரோ தேடாதீர்கள். 256-ஆல் வகுத்த ஈவு மேலே, மீதி கீழே என்று எழுதுங்கள். அது எந்தக் கம்பைலரிலும் ஒரே அர்த்தம்.

இன்டரப்டும் அப்படித்தான். கெய்லுக்கு ஃபங்ஷன் பக்கத்தில் எண் எழுதினால் போதும். எஸ்டிசிசியிலோ, மெயின் இருக்கும் ஃபைலில் அந்த இன்டரப்ட் ஃபங்ஷனின் ப்ரோட்டோடைப்பும் தெரிய வேண்டும். இல்லையென்றால் வெக்டரே போடாது, ப்ரோக்ராம் சத்தமில்லாமல் கம்பைல் ஆகும், இன்டரப்ட் வரவே வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு போர்டை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

"கெய்ல் நல்ல கம்பைலர்தானே?" நல்ல கம்பைலர்தான். எஸ்டிசிசி சில இடங்களில் அதைவிடப் பெரிதாகக் கோடு போடும், தெரியும். லைசென்ஸ் வாங்கிய கம்பெனி தாராளமாகக் கெய்லிலேயே கம்பைல் செய்யட்டும். விட்டுப் போகும் நாளில் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்தக் கதவின் செலவு நாற்பது ஐம்பது வரி ஹெடர்.

"இப்போதெல்லாம் ஆர்டுயினோதான், 8051 யாருக்கு வேணும்?" என்பவர்களுக்கு: உங்கள் ஸ்கெட்ச்சை அப்படியே இஎஸ்பி32-க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோவில் இன்ட் 16 பிட், அங்கே 32 பிட். சிப் மாறும், வியாதி மாறாது.

ஸ்டாஃப் யாராவது படித்தால் ஒரு விண்ணப்பம். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் போட்டோ ஒட்டச் சொல்வதற்குப் பதில், ஒரே ஒரு எக்ஸ்பரிமென்ட்டையாவது இரண்டு கம்பைலரில் கம்பைல் செய்து காட்டச் சொல்லுங்கள். டைமர் எக்ஸ்பரிமென்ட்டாக இருந்தால் இன்னும் விசேஷம். ஆஸிலோஸ்கோப்பில் 50-க்குப் பதில் 71 தெரியும்போது பசங்க தானாகவே கேள்வி கேட்பார்கள்.