சார்ஜ் ஏறவில்லையா? முதலில் ஓட்டையைப் பாருங்கள்

பொங்கல் கழிந்த மறுவாரம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. பிரான்சிலிருந்து கூப்பிட்டது எங்கள் தெருக்கோடி வீட்டு அக்காவின் மகள். "மாமா, அம்மா போன் எடுக்கல. ஒரு மணி நேரமா அடிக்கிறேன். கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா?" என்றாள். குரல் நடுங்கியது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் பிள்ளைகளை அந்த ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர்! குளிர்காலத்தில் நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே மாலை ஐந்து. தினமும் அந்த நேரத்துக்கு அந்தப் பெண் கூப்பிடுவாள். அக்காவுக்கு 74 வயது.

டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா டிவி முன்னால் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். போன் சார்ஜரில் கிடந்தது, திரை கறுப்பாக இருந்தது. "காலையிலேர்ந்து போட்டு வச்சிருக்கேன் தம்பி, ஏறவே மாட்டேங்குது" என்றார். என் போனில் மகளோடு பேச வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அக்கா ஆட்டோ பிடித்து டவுனில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். கடைப் பையன் ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு பாட்டி. 1,800 ரூபா ஆகும். பழைய போனு, புதுசே வாங்கிடுங்க" என்றானாம். அக்கா நேராக என்னிடம் வந்துவிட்டார். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியும் என்பதால் அல்ல, அழுவதற்கு வேறு ஆள் இல்லை என்பதால்.

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதுதான். ஆனால் பஞ்சு தெரியும். பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மில்லில் பஞ்சு போகாத இடம் கிடையாது. மூக்கில் போகும், டிபன் பாக்ஸில் போகும், மோட்டாரின் காற்றுத் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மோட்டார் சூடாகும், கவனிக்காவிட்டால் தீப்பிடிக்கும். "மோட்டார் போச்சுன்னு எங்கிட்ட வராதே, முதல்ல பஞ்சை எடுத்துட்டு வா" என்பார் எங்கள் மேஸ்திரி. அந்தப் புத்தியில்தான் போனின் அடியில் இருக்கும் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

உள்ளே வெளிர்நீலமாக ஏதோ இருந்தது. அக்கா கழுத்தில் மாட்டியிருந்த போன் பையும் அதே வெளிர்நீலம். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து அவரே தைத்தது. போனில் தூசி படக்கூடாது என்று போட்ட பையிலிருந்துதான் அத்தனை தூசியும் உள்ளே போயிருக்கிறது!

நடப்பது இதுதான். சட்டைப் பையிலும் துணிப்பையிலும் உதிரும் நூல்பொடி ஓட்டையில் போய் விழும். ஒவ்வொரு தடவை சார்ஜர் செருகும்போதும் அதை உள்ளே தள்ளி அமுக்குகிறோம். ஒரு வருடம், இரண்டு வருடம் ஆனால் அது பாய் மாதிரி இறுகிவிடும். அதற்குமேல் ஒயரின் முனை முழுசாக உள்ளே போகாது. 'டக்' என்று உட்காராமல் லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், லொடலொடவென்று ஆடும், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். இந்த அறிகுறிகள் இருந்தால் போர்டை நினைத்துப் பயப்படாதீர்கள். முதலில் வேறு சார்ஜர், வேறு ஒயர் போட்டுப் பாருங்கள். அதிலும் ஏறவில்லையென்றால் டார்ச்சை எடுங்கள்.

சுத்தம் செய்வதற்குமுன் போனை ஆஃப் செய்துவிட வேண்டும். இப்போது வரும் 'சி டைப்' ஓட்டையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லை. அதன் மேலும் கீழுமாக 24 இணைப்புகள். அந்த நாக்கு உடைந்தால் கடைக்காரர் சொல்வது உண்மையாகிவிடும். அதனால் பல் குத்தும் மரக்குச்சியின் முனையை பிளேடால் தட்டையாகச் சீவிக்கொண்டு, நாக்கைத் தொடாமல், வெளிச்சுவரை ஒட்டியே விட்டு, போனைக் கவிழ்த்துப் பிடித்து மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். அவசரமே கூடாது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். தண்ணீர், தேங்காய் எண்ணெய், சென்ட் எதுவும் வேண்டாம். ஊக்கு, ஊசி, ஹேர்பின் பக்கமே போகாதீர்கள்.

ஊக்கு பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என்னுடைய பழைய போனை ஊக்கால் குடைந்து நானே கொன்றிருக்கிறேன். இன்றுவரை அது அலமாரியில்தான் கிடக்கிறது. என் மகன் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிட்ட விடமாட்டான். "கடைல குடுங்கப்பா, நோண்டாதீங்க" என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்கள், கண் புரை உள்ளவர்கள் செய்ய வேண்டாம். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். அது வியர்வையும் உப்புக்காற்றும் செய்த வேலை. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கருவடிக்குப்பத்தில் ஜன்னல் கம்பியே துரு பிடிக்கிறது, போன் எம்மாத்திரம்? அதைக் கடையில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் கடையில் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "என் கண்ணு முன்னாடியே டார்ச் அடிச்சுப் பாரு தம்பி" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். சித்தானந்த சாமி கோயிலுக்குப் போகும் வழியில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான். இந்த வேலைக்குக் காசே வாங்குவதில்லை. "ரெண்டு நிமிஷ வேலை ஐயா, இதுக்குப் போயி" என்பான். எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதைத்தான் தப்பு என்கிறேன். எதிரில் நிற்பவருக்கு நரைமுடி இருந்தால் அந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வருகிறது.

நமக்குப் போன் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. பேங்க் ஓ.டி.பி. அதில்தான் வருகிறது. கேஸ் பதிவதும் அதில்தான். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் முகத்தைக் காட்டி உயிர்ச்சான்று கொடுப்பதுகூட அதில்தான். பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கெல்லாம் சி டைப் ஓட்டைதான் என்று சட்டம் போட்டுவிட்டது. அதைப் பார்த்து ஆப்பிள்காரரும் 2023-லேயே ஐபோனை மாற்றிக்கொண்டார். நல்லதுதான். எல்லாப் போனுக்கும் ஒரே ஓட்டை என்றால், ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். ஆனால் உரிமை காகிதத்தில் இருந்து என்ன செய்ய? நாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டுமே.

அன்றைக்கு அக்காவின் போனிலிருந்து வந்த பஞ்சு ஒரு பருப்பு அளவு இருந்தது. வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எம் பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம் வாங்கின புடவை தம்பி" என்றார். சார்ஜர் 'டக்' என்று உட்கார்ந்தது. ஒன்பதரைக்கு மகள் கூப்பிட்டாள்.

பையை மட்டும் மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கழுத்தில் பழைய பட்டுப்புடவையின் முந்தானையில் தைத்த பை தொங்குகிறது. "இதுல நூலு உதிராது" என்றார்.