இலவச வெபினாரும் வாசலில் நிற்கும் பிள்ளைகளும்

நூலகப் பணியாளர்களுக்கான இலவச இணையவழிப் பயிற்சி ஒன்றின் அழைப்பிதழ் சில மாதங்களுக்கு முன் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் நம் தோழி. நூலக அறிவியல் படித்துவிட்டு, ஒரு கிராமத்து நூலகத்தில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறார். கட்டணம் கிடையாது, கலந்துகொள்ளும் எல்லோருக்கும் மின்சான்றிதழ் உண்டு என்று அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். "தோழர், இதுல சேரலாமா? ஏதாவது உபயோகமா இருக்குமா?" என்று கேட்டார். சேருங்கள் என்றுதான் சொன்னோம்.

ஒரு வாரம் கழித்து எப்படி இருந்தது என்று விசாரித்தோம். பயிற்சி வேலைநாளில், காலை 11 மணிக்கு. அவருடைய நூலகத்தில் அவர் ஒருவர்தான் பணியாளர். கதவைத் திறப்பது, பெருக்குவது, நாளிதழ்களை எடுத்து வைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவரே. ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வருகிற வாசகர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, சொந்த டேட்டாவில், சின்னக் கைபேசித் திரையில் ஒன்றரை மணி நேரம் பார்த்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு, ஆய்வுக் கட்டுரைகளில் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், மின்னிதழ்ச் சந்தா என்று முழுக்க ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார்கள். அவருடைய நூலகத்தில் இருக்கும் ஒரே கணினி ஓடி நாளாகிறது. கடைசியில் கூகுள் படிவத்தை நிரப்பியதும் சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது.

"சான்றிதழ் வந்துடுச்சு தோழர். ஆனா அந்தப் பிள்ளைங்க இன்னும் வெளியிலதான் நிக்குது" என்றார்.

அவர் சொன்னது சேரிப் பிள்ளைகளை. மாலையில் பள்ளி விட்டதும் நூலகத்து வாசல் வரை வருவார்கள். படியில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வரமாட்டார்கள். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. "உள்ளே வராதே" என்ற பலகையும் இல்லை. ஆனால் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பெரியவர்கள் யார் வீட்டுக்காரர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பையன் துணிந்து உள்ளே வந்தபோது, "நீ எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நம் தோழி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவரிடமும் இதையே கேட்டார்கள். அவரும் சேரியில் பிறந்தவர்தான், வேறு ஊர்ச் சேரி. இன்றும் ஓரிரு வாசகர்கள் புத்தகத்தை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த நிலைமையை எப்படிக் கையாள்வது என்று அவருக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இலவச இணையவழிப் பயிற்சிகள் கூடாது என்பது நம் நிலைப்பாடு கிடையாது. கருத்தரங்கப் பதிவுக் கட்டணம், ரயில் செலவு, தங்கும் அறை என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடிந்தவர்கள் மட்டுமே தொழில் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள முடியும் என்றிருந்த நிலையை இவை கொஞ்சம் உடைத்திருக்கின்றன. குடும்பத்தில் முதல் தலைமுறையாக நூலக அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் பெரிய பேராசிரியர்களின் உரையை வீட்டிலிருந்தே கேட்க முடிகிறது. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளத்தில் நூலக அறிவியல் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். மாணவர்கள் இவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் 2020 ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய வெபினார் வெள்ளம் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்போது ஒரே நாளில் மூன்று நான்கு அழைப்பிதழ்கள் வந்தன. ஒவ்வோர் ஆண்டும் ரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தை ஒட்டி இன்றும் வருகின்றன. பெரும்பாலானவை கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களை மனதில் வைத்து நடத்தப்படுபவை. நிரந்தரப் பணியில் இருப்பவருக்குச் சான்றிதழ் பணிக்கோப்பில் சேரும் ஒரு தாள். தினக்கூலிக்கு அது எதுவும் தராது. ஊர்ப்புற நூலகர்கள் பணி வரன்முறைக்காகவும் காலமுறை ஊதியத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் கோரிக்கை மனு கொடுத்தவர்கள். பகுதிநேர நூலகங்களில் இருப்பவர்களின் நிலை அதைவிட மோசம். நூலகத்தைப் பெருக்கித் துடைப்பவர் எந்த அழைப்பிதழிலும் பணியாளராகவே கணக்கில் வருவதில்லை. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை என்கிறார்கள், சரி. அதற்கான நேரமும் டேட்டாவும் யார் தலையில் விழுகின்றன? நம் தோழி தலையில்.

இதே வகைப் பயிற்சி வேறு நாடுகளில் எப்படி நடக்கிறது என்று தேடிப் பார்த்தோம். அமெரிக்காவில் வெப்ஜங்ஷன் என்று ஒன்று இருக்கிறது. நூலகக் கூட்டமைப்பான ஓசிஎல்சி நடத்துகிறது. 2003இல் தொடங்கியது. நூலகத்தில் வேலை செய்யும் யாரும், எந்த நாட்டிலிருந்தும், கட்டணமின்றிச் சேரலாம். பயிற்சிகளைப் பதிவு செய்து வைத்திருப்பதால் நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். சின்ன ஊரின் சின்ன நூலகப் பணியாளர்களுக்கென்றே தனி அமர்வுகள் உண்டு. வீடில்லாதவர்கள் நூலகத்துக்கு வந்தால் அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது, நிறவெறியை நூலகத்துக்குள் எப்படி எதிர்கொள்வது என்பவற்றுக்கும் அங்கே பயிற்சி உண்டு.

அங்கே நிறவெறியைப் பற்றி நூலகர்களுக்குப் பாடம் நடத்தும் நிலை எப்படி வந்தது? யாரோ நல்ல மனதோடு திட்டம் தீட்டியதால் வரவில்லை. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில், டூகலூ கல்லூரியின் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்களுக்கு மட்டுமான பொது நூலகத்துக்குள் நுழைந்தார்கள். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கிளை நூலகத்தில் கிடைக்காத புத்தகங்களை எடுத்து, மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். போலீஸ் வந்து வெளியேறச் சொன்னது. அவர்கள் எழவில்லை. ஒன்பது பேரையும் கைது செய்து சிறையில் வைத்தார்கள். தெற்கு மாநிலங்களில் இப்படி நூலகங்களுக்குள் நுழைந்து போராடியவர்கள் பலர். அமெரிக்க நூலகச் சங்கம் அந்தக் காலத்தில் தான் செயலற்று இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது 2018இல். போராட்டம் முன்னே போனது, பாடத்திட்டம் மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்தது.

நமக்கும் இது புதிதல்ல. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் குளம் எல்லோருக்கும் பொது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் வரை நம் மக்கள் யாரும் அதைத் தொட முடியவில்லை. குடித்த அன்றே அடியும் விழுந்தது. இன்றைக்குக் கிராமத்து நூலகமும் அப்படித்தான் இருக்கிறது. அரசு நிதியில் நடக்கும் பொது இடங்களைப் பயன்படுத்தச் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டம் 15(2) சொல்கிறது. எழுத்தில் நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பிள்ளைகள் படியில் நிற்கிறார்கள்.

நூலகம் நமக்குப் போடப்படும் பிச்சையும் அல்ல. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுவது அது. இன்று வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. ஊர்த்தெரு வீட்டுக்கும் அந்த வரி உண்டு, சேரியில் உள்ள ஒற்றை அறை வீட்டுக்கும் உண்டு. அந்தப் படியில் நிற்கும் பிள்ளையின் அப்பா அந்த நூலகத்துக்குப் பணம் கட்டுகிறார். உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகக் கட்டுவதில்லை என்ற புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது. பணியாளர்களுக்குப் பயிற்சி தரப் பணமில்லை என்று யாராவது சொன்னால், முதலில் அந்தக் கணக்கைக் காட்டச் சொல்ல வேண்டும்.

சரி, எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும்? நம் தோழியோடும் நூலகப் பணியில் உள்ள வேறு சில தோழர்களோடும் உட்கார்ந்து பேசியதில் கிடைத்தவை இவை.

முதல் அமர்வு, நூலகத்துக்கு வராதவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். உறுப்பினர் பதிவேட்டில் எந்தெந்தத் தெருவிலிருந்து ஆட்கள் இருக்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை என்று ஒவ்வொரு நூலகரும் பார்க்கக் கற்க வேண்டும். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்று 1931இல் ரங்கநாதன் வகுத்த விதியை எல்லா வெபினாரிலும் சொல்கிறார்கள். வாசகராகவே ஆக முடியாமல் நிற்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டாவது, மேசை நடத்தை. யாரிடமும் தெருவையோ சாதியையோ கேட்கக் கூடாது. இன்னொரு வாசகர் அப்படிக் கேட்டால் நூலகர் என்ன சொல்ல வேண்டும், யாரிடம் புகார் செய்ய வேண்டும், பணியாளரே தலித்தாக இருந்து அவமதிக்கப்பட்டால் அவருக்கு என்ன பாதுகாப்பு என்று தெளிவாகச் சொல்லித் தர வேண்டும்.

மூன்றாவது, உறுப்பினர் ஆவதில் உள்ள தடைகள். காப்புத்தொகை சிறியதுதான். ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள கூலித் தொழிலாளிக்கு அதுவும் ஒரு நாள் அரிசிச் செலவு. முகவரிச் சான்று கேட்கும்போது மிரண்டு திரும்பிப் போகிறவர்கள் நிறைய. படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் நூலகர் வேலைதான்.

நான்காவது, அலமாரி. அண்ணலின் நூல்தொகுதி உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கிறதா? அயோத்திதாசர் இருக்கிறாரா? பாமாவின் 'கருக்கு' இருக்கிறதா? இருந்தால் பிள்ளைகள் கை எட்டும் தட்டில் இருக்கிறதா, பூட்டிய பீரோவில் இருக்கிறதா?

இவை எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். பதிவு செய்து வைக்க வேண்டும். வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, டேட்டா செலவையும் கொடுத்து நடத்த வேண்டும். தினக்கூலி, பகுதிநேரப் பணியாளர், தூய்மைப் பணியாளர் எல்லோரையும் சேர்க்க வேண்டும். பணி வரன்முறையின்போது இந்தப் பயிற்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும். சாதி பற்றிய அமர்வுகளை நடத்துபவர்களில் தலித் நூலகர்கள் இருக்க வேண்டும். பொது நூலக இயக்ககத்திடம் இதைக் கோரிக்கையாக வைக்க இருக்கிறோம்.

மாணவத் தோழர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் ஊராட்சி கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்று கேளுங்கள். மாவட்ட நூலக அலுவலகத்துக்கு இன்னொரு மனு போடுங்கள். எத்தனை பணியாளர்களுக்கு என்னென்ன பயிற்சி கொடுத்தார்கள், அதில் தற்காலிகப் பணியாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். நூலக அறிவியல் படிப்பவர்கள் இலவச வெபினார்களில் கலந்துகொள்ளுங்கள். கேள்வி நேரம் வரும்போது, உங்கள் நூலகத்துக்குச் சேரிப் பிள்ளைகள் வருகிறார்களா என்று தட்டச்சு செய்யுங்கள். பதில் வராவிட்டாலும் இருநூறு பேர் அந்தக் கேள்வியைப் படித்திருப்பார்கள்.

நம் தோழி பயிற்சிக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரியின் இரவுப் பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தார். பதினொரு பிள்ளைகளுக்கு நாங்கள் காப்புத்தொகை கட்டினோம். படிவங்களை அங்கேயே உட்கார்ந்து அவர் நிரப்பினார். அடுத்த வாரம் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப்போய்க் கொடுத்து, முறையாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். புத்தகத்தை எடுத்து வந்தவர் அவர், திருப்பிக் கொடுக்க வேண்டியது பிள்ளைகள். அதற்கு நூலகத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும். வந்தார்கள். முதல் நாள் நான்கு பேர், மறுநாள் ஐந்து பேர். "இதுங்க எல்லாம் யாரு?" என்று ஒருவர் கேட்டார். "மெம்பருங்க" என்றார் நம் தோழி.

நூலகத்தில் சத்தம் அதிகமாகிவிட்டது, பணியாளர் சரியில்லை என்று இப்போது மேலிடத்துக்கு ஒரு புகார் போயிருக்கிறது. தினக்கூலிக்காரரை வேண்டாமென்று சொல்ல உத்தரவுகூடத் தேவையில்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றால் போதும். அவர் பெயரையும் ஊரையும் நாங்கள் எழுதாததற்குக் காரணம் அதுதான். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பதினோரு பேரும் வீட்டு வரி ரசீதை இணைத்து, இந்த நூலகர் எங்களுக்கு வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் அதைக் கொடுக்கிறோம். அன்று கல்லூரி இல்லாதவர்கள் எங்களோடு வாருங்கள்.

ஜெய்பீம்.