ஒரு பெயர், ஐந்து பாட்டு

இருட்டியதும் புதர்களுக்குள் கச்சேரி ஆரம்பம். ஒன்று ஹெலிகாப்டர் போல இரைகிறது. ஒன்று ரயில் போல ஓடுகிறது. இன்னொன்று விட்டுவிட்டுக் கிறீச்சிடுகிறது. டார்ச் அடித்துப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பூச்சி. இலை போன்ற இறக்கையும் நீண்டு மெலிந்த உணர்கொம்புகளும் கொண்ட இரவு வெட்டுக்கிளி. பெயர் மெக்கோபோடா இலாங்கேட்டா.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விவேக் நித்யானந்தாவும் ரோகிணி பாலகிருஷ்ணனும் தென்னிந்தியாவில் இப்பாட்டுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். 2006இல் வெளியான அவர்களது முடிவு, பூச்சிகளுக்குப் பெயர் சூட்டுபவர்களுக்குப் பெரிய தலைவலி. உருவத்தை வைத்துப் பிரித்தறிய முடியாத இந்த வெட்டுக்கிளிகளிடம் ஐந்து தனித்தனிப் பாட்டுகள்!

ஆண் தன் முன்னிறக்கைகளை உரசிப் பாடுகிறது. பெண் முன்னங்கால்களிலுள்ள காதுகளால் கேட்டுத் தேடி வருகிறது. பாட்டு பிடிபடாவிட்டால் கல்யாணம் இல்லை. கலப்பு நின்றுபோன கூட்டங்கள் காலப்போக்கில் வேறு வேறு இனங்களாகிவிடும். ரோகிணி பாலகிருஷ்ணன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு தடயத்தையும் காட்டியது. உடலின் மேற்பூச்சிலுள்ள வேதிப்பொருள்களும் பாட்டுக்குப் பாட்டு வேறுபட்டன.

அப்படியானால் ஐந்து பெயர் வைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். விலங்கியல் விதிப்படி ஒவ்வோர் இனப் பெயரும் ஒரு மாதிரி உடலோடு கட்டுண்டது. இலாங்கேட்டா என்று 1758இல் பெயரிட்டவர் சுவீடன் அறிஞர் லின்னேயஸ். வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, கும்பிடுபூச்சி எல்லாவற்றையும் கிரில்லஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்தவர் அவர். மெக்கோபோடா என்ற பேரினமே 1831இல்தான் வந்தது. ஊசியில் குத்தி உலர்த்திய பூச்சி பாடாது. ஐந்தில் அசல் இலாங்கேட்டா எது என்று தீர்மானித்த பிறகே மற்றவற்றுக்குப் புதுப் பெயர் சூட்ட முடியும்.

வழி இல்லாமல் இல்லை. கிழக்கு ஆசியாவின் மெக்கோபோடாக்களை 2020இல் மறுவகைப்படுத்தியவர்கள், உடலமைப்போடு பாட்டையும் சாட்சியாக ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் அவசரமும் உண்டு. நாளை ஏதோ ஒரு புதர்க்காட்டை அழித்து மனை போட்டு, அங்கிருந்த ஒரு பாட்டு அடியோடு நின்றுபோனாலும், ஏட்டில் மெக்கோபோடா இலாங்கேட்டா சௌக்கியமாகவே இருக்கும். மற்ற நான்கும் பாடிக்கொண்டிருக்குமே! பெயர் இல்லாத இனத்துக்கு இறப்புக் கணக்கும் கிடையாது.