கண்ணி சிறுத்தால் பிழை சிறுக்காது

கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டு எடுத்த எண், காற்றுச் சுரங்கத்தில் அளந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லையா? உடனே வரும் தீர்ப்பு: "மெஷ் போதவில்லை, இன்னும் நெருக்கு." மெஷ் என்பது காற்றுவெளியைக் கூறுபோடும் சிறு கண்ணிகளின் வலை; ஒவ்வொரு கண்ணியின் பக்கத்தையும் மூன்று திசையிலும் பாதியாக்கினால் கண்ணிகள் 8 மடங்காகும். நேரத்தோடு மாறும் ஓட்டமென்றால் காலப்படியையும் பாதியாக்க வேண்டும். வேலை 16 மடங்கு. இரண்டு நாள் கணக்கு ஒரு மாதம் ஓடும். அத்தனை நாள் காத்திருந்து பெற்ற எண்ணைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. சந்தேகித்தே ஆகவேண்டும் என்கிறேன்.

வழவழப்பான ஒரு கோளத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டத்தின் வேகத்தையும் பொருளின் அளவையும் காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண் 1 லட்சத்தில் அதன் இழுவைக் கெழு 0.5-ஐ ஒட்டியிருக்கும். பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப்படலம் அப்போது சீராக இருக்கிறது. முன்முனையிலிருந்து சுமார் 80 டிகிரியிலேயே பிரிந்துவிடுகிறது. எண் 4 லட்சத்தை எட்டும்போது படலம் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். கொந்தளிக்கும் படலம் கோளத்தின் முதுகுப்புறம் வரை ஒட்டிக்கொண்டே போகும், இழுவை 0.1 அளவுக்குச் சரியும். இப்போது 1 லட்சத்துக்கான கணக்கில், படலம் தொடக்கத்திலிருந்தே கொந்தளிக்கிறது என்று கொள்ளும் மாதிரியைப் போட்டால்? தாமதமாகப் பிரியும் ஓட்டத்தையே அது காட்டும். கண்ணிகளை 10 லட்சத்திலிருந்து 80 லட்சமாக்குங்கள். அதே தவறான ஓட்டம் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

நெருக்குவதே கெடுதலாகும் இடமும் உண்டு. கொந்தளிப்பைக் கணக்கிடும் கே-எப்சிலான் மாதிரியை, சுவரருகே உள்ள ஓட்டத்தைச் சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்போடு ஓட்டுபவர்கள், சுவரை ஒட்டிய முதல் கண்ணியின் மையத்தை, சுவரிலிருந்து உள்ள தூரத்தைப் பரிமாணமின்றிச் சொல்லும் ஒய்-பிளஸ் அளவில் 30-க்கு மேல் வைக்க வேண்டும். அந்தச் சார்பு நம்பியிருக்கும் மடக்கை விதி அங்கேதான் செல்லுபடியாகும். துல்லியம் கூடும் என்று எண்ணி 8-க்குக் கொண்டுபோனால், விதி பொருந்தாத இடைப்படலத்துக்குள் மையம் விழுந்து, சுவர் உராய்வு பிசகும். சுவர்வரை இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் அதற்கான மாதிரிக்கு மாறி, 1-க்கு அருகே போகவேண்டும்.

கண்ணிச் சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிச்சர்ட்சன் காட்டிய வழியில் ரோச் 1994-இல் முன்வைத்த, கண்ணியால் வரும் பிழையை மதிப்பிடும் குறியீட்டை நானும் விடாமல் கணக்கிடுகிறேன். எழுதிய சமன்பாட்டுக்கு எவ்வளவு நெருங்கி வந்தோம் என்பதை அது சொல்லும். அந்தச் சமன்பாடு இந்தக் காற்றுக்கு உரியதுதானா என்பதைச் சொல்லாது. ஆகவே முடிவுகளோடு வரும் மாணவர்களிடம் கண்ணிகள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், படலம் எங்கே பிரிகிறது, அந்த இடத்தை யாராவது அளந்திருக்கிறார்களா என்று கேட்கிறேன்.