பழைய புல்லட்டைப் பாலிஷ் போட்டுக் கொல்லாதீங்க

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காட்டமாத்தான் எழுதப்போறேன். பழைய பைக்கை 'ரெஸ்டோர்' பண்றேன்னு கிளம்பி, அதன் கதையை முடிக்கும் கூட்டத்தைப் பத்தி.

நீங்களும் பார்த்திருப்பீங்க. நாப்பது அம்பது வருஷ வண்டி. நட்டு போல்ட் மிச்சமில்லாம பிரிச்சு, மணல் அடிச்சுப் பழைய பெயின்ட்டை மொத்தமா உதிர்த்து, பட்டி பூசி, கறுப்பு அடிச்சு, எல்இடி விளக்கு மாட்டி, பக்கத்தில் கையைக் கட்டிக்கிட்டு ஒரு போட்டோ. கீழே 'உயிர் கொடுத்தோம்'னு வேற ஒரு வரி. யாருக்குய்யா உயிர் கொடுத்தீங்க? அங்கே பழசுன்னு மிஞ்சியிருப்பது ஆர்சி புக் மட்டும்தான்.

எங்க வீட்டில் இருப்பது பெரியப்பாவோட 1974 புல்லட் 350. படிக்கட்டுக்குக் கீழே வச்சு நானே பார்த்துக்கிட்டிருக்கேன். முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் கேட்டேன். கிக்கரை ஒரு தடவைகூட மிதிச்சுப் பார்க்காம, "ஃபுல்லா மாத்திடலாம் தம்பி"ன்னார். அவர் கெட்டவர் இல்லை. கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவிக் கொடுத்தா கூலி சில நூறுதான். பெயின்ட், குரோம், சீட்னு போனா பல ஆயிரம். அவர் எதைச் சொல்வார்?

பி.காம். முதல் வருஷத்தில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க? இருக்கிற சொத்தை ஓடும் நிலையில் வச்சிருக்க ஆகும் செலவு வருவாய்ச் செலவு. அதன் திறனையோ ஆயுளையோ கூட்டும் செலவு மூலதனச் செலவு. பளபள கோஷ்டி செய்வது இரண்டிலும் சேராது. வண்டி முன்னைவிட நல்லா ஓடப்போவதில்லை. அது விளம்பரச் செலவு, அவ்வளவே :-)

இந்த இன்ஜினை எடுத்துக்குங்க. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, ஒரே சிலிண்டர். இதைவிட எளிமையா ஒண்ணைச் செய்வது கஷ்டம். வருஷக்கணக்கா நின்ன வண்டிக்கு முதலில் தேவைப்படுவது டேங்கைத் துரு போகக் கழுவுவது, கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு எடுப்பது, ஆயில் மாத்துவது, பாயிண்டை உப்புத்தாளால் லேசாத் தேய்ச்சு 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வைப்பது. ஃபீலர் கேஜ் ஒண்ணு இருந்தா வீட்டிலேயே முடியும். ஸ்பேனர் விஷயத்தில் மட்டும் உஷார். பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினா முனை மழுங்கிடும். அப்புறம் புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் ஒத்தை நட்டுக்கு அலையணும்.

ஸ்டார்ட் பண்றதும் அப்படித்தான். சாவி போட்டு, ஆம்மீட்டர் முள் நடுவில் வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, டீகம்ப்ரஸரைப் பிடிச்சுப் பிஸ்டனை உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்டவிட்டு, அப்புறம் ஒரே மிதி. பாயிண்ட் எப்போ திறக்குதுன்னு அந்த முள்தான் சொல்லுது. நம்ம ஆட்கள் முதலில் தூக்கி எறிவது அந்த ஆம்மீட்டரைத்தான். அழகா இல்லையாம்!

பெயின்ட்டுக்கு வருவோம். திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் டேங்க் கோடுகளைக் கையால், பிரஷ் பிடிச்சு வரைஞ்சாங்க. எங்க வண்டியில் பெரியப்பாவோட முட்டி உரசின இடத்தில் அந்தக் கோடு பாதி அழிஞ்சிருக்கு. அதைச் சுரண்டிட்டு ஸ்டிக்கர் ஒட்டணுமாம். ஸ்டிக்கரை நாளைக்கும் ஒட்டலாம், நாளன்னிக்கும் ஒட்டலாம். சுரண்டினதைத் திரும்ப ஒட்ட எந்தக் கடையிலும் ஆள் இல்லை. இன்னொண்ணு, பாலிஷ் வெறியில் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் தேய்ச்சு மழுக்கிட்டா, ஆர்டிஓ ஆபீஸில் நீங்கதான் பதில் சொல்லணும்.

சட்டமும் இந்த விஷயத்தில் என் பக்கம். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 'விண்டேஜ்'னு பதிவு செய்ய, வண்டி 50 வருஷம் தாண்டணும், அசல் வடிவில் இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. லட்சம் செலவழிச்சு உருமாத்தின வண்டி அந்த வரிசையிலேயே நிற்க முடியாது! (நான் அதுக்கு விண்ணப்பிக்கப் போறதில்லை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல அன்றாடம் ஓட்டவும் கூடாது. காலேஜுக்குப் போகத்தானே இவ்வளவு பாடு?)

அதுக்காக எல்லாமே பழசா இருக்கணும்னு நான் பூஜை போடலை. டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், ஒயரிங் இதெல்லாம் புதுசாத்தான் போடணும். அங்கே கஞ்சத்தனம் பண்றவனோட நான் பின்சீட்டில் ஏறமாட்டேன். துருப்பிடிச்சு ஓட்டை விழுந்த மட்கார்டுக்கு வெல்டிங் வைக்கலாம், அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட்டும் அடிக்கலாம்.

வகுப்பில் கேக்குறாங்க, "இதில் என்னடா ரிட்டர்ன்?"னு. புது பைக் வாங்கி மாசத் தவணை கட்டுறவனிடம் யாராவது இதைக் கேட்டிருக்கீங்களா? ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே அவன் வண்டிக்கு மதிப்பு இறங்க ஆரம்பிச்சாச்சு. பெரியப்பா வண்டிக்குத் தேய்மானமெல்லாம் எப்பவோ போட்டு முடிஞ்சாச்சு.